இரண்டு நிமிடம் பத்து விநாடி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். இடம், சலவைக்கடையின் பின்னறை. நேரம், ஞாயிறு மதியம் மூன்றரை.

தலைவர் பல் டாக்டர், குஷன் வைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் பழைய கிளினிக்கிலிருந்து அவரே கொண்டுவந்து போட்ட நாற்காலி என்பதால் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. பஸ் டிரைவர் கதவோரம், காலி சோப்புத்தூள் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். ஆறு மணிக்கு அவர் பஸ் பெரிய நகரத்துக்குக் கிளம்பும், அதனால் ஐந்தே காலுக்கு எழுந்தாக வேண்டும். பூகோள டீச்சர், துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில், மடியில் லேப்டாப்போடு. செயலாளர், ஊரே மீட்டர் என்று கூப்பிடும் குடிநீர் வாரியத்து மீட்டர் ரீடர், துணி மடிக்கும் மேசையின் ஒரு நுனியில், குறிப்பு நோட்டையும் கடிதத்தாளையும் முன்னால் பரப்பி.

ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் உட்காரவில்லை. கடை அவளுடையது. எல்லோருக்கும் அவள் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டருக்கும்கூட. இந்த ரசிகர் சங்கத்தில் அவள் உறுப்பினர் கிடையாது. இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று ஓட்டல் மேசைவிரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சங்கம் யார் பெயரில் நடக்கிறதோ அந்தக் குச்சி அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

ஒட்டடைக் குச்சி என்றுதான் பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்தார்கள். சைக்கிள் பந்தயத்தில் பெரிய அணியில் சேர்ந்த பிறகு ஒட்டடை உதிர்ந்துபோய்க் குச்சி மட்டும் நின்றது. பதினோரு வருஷமாகச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். வயது முப்பத்துமூன்று. ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்கு அணி மேனேஜர் முடிவு செய்கிறார். போன ஞாயிறு நடந்த மலைச்சுற்றுப் பந்தயம்தான் அவனுடைய கடைசி வாய்ப்பாக இருந்தது. ஒன்பது சுற்றில் ஏழாவதில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனான். கடைசி மலையேற்றத்தில் முன்னணியில் இருந்தான். கோட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கும்போது பிடிபட்டு ஐந்தாவதாக வந்தான்.

மறுநாள் பத்திரிகையில் மேனேஜர் சொன்னது, கத்தரித்து நோட்டில் ஒட்டப்பட்டிருந்தது. "ஒன்று அவனுக்குக் கால் போய்விட்டது, இல்லை எண்ணத் தெரியவில்லை. அவனை ஏன் இன்னும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் ஊர்க்காரர்களாவது எனக்குச் சொல்லட்டும்."

ஊர்க்காரர்கள் சொல்லத்தான் கூடியிருந்தார்கள்.

"ஆகஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு," என்றார் டாக்டர். "நாப்பத்தொண்ணாவது, அறுவதாவது, அதுக்கப்புறம் ஒண்ணுல முடிக்கவே இல்ல. ஃபார்ம் போச்சுங்க. வேர் செத்த பல்லு மாதிரி. வெளிய பாத்தா நல்லா இருக்கும், கடிச்சா தெரியும்."

"உங்களுக்கு எல்லாமே பல்லுதான் டாக்டர்," என்றாள் டீச்சர். "காலெல்லாம் இருக்கு. தலைதான் இல்ல. அந்த ஏத்தத்துல எவனாவது வேகத்தைக் குறைப்பானா?"

"காத்து எதிர்க்காத்து டீச்சர். கீழ சமவெளியில எதுத்து அடிச்சுது. அதுக்குன்னு மிச்சம் வச்சிருப்பான்," என்றார் டிரைவர்.

"ஆமா, மிச்சம் வச்சான். வச்சு என்ன பண்ணான்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போனானா?" என்றார் மீட்டர்.

அவருக்குத்தான் நான்கு பேரில் அதிகக் கோபம். ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. தெருத்தெருவாய்ப் போய் வீட்டு வாசல்களில் குனிந்து மீட்டர் மூடியைத் திறக்கிறபோதெல்லாம் உள்ளே எண்களுக்குப் பதில் அந்தக் காட்சிதான் தெரிந்தது: செய்தியில் ஐந்து விநாடி காட்டினார்களே, மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே குச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடியின் மேல்பக்கம் கையை வைத்து, நிதானமாகத் தண்ணீர் குடித்தது.

"பூங்காவுல காத்து வாங்க வந்தவன் மாதிரி!" என்று மேசையைத் தட்டினார். "பதினஞ்சு வருஷம் மழையிலயும் வெயில்லயும் போய் நின்னிருக்கோம். இவன் தண்ணி குடிக்கிறான். டீயும் பிஸ்கெட்டும் கொண்டுவான்னு கேக்காததுதான் பாக்கி."

அக்கா இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. டாக்டர் நாற்காலியோடு துள்ளினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"நான் எடுத்துக்கறதுக்கு என்ன இருக்கு? பேசுங்க. ஒரு வாரமா கடைக்கு வர்றவங்க எல்லாம் இதத்தான் பேசறாங்க. சட்டையக் குடுத்துட்டு என் தம்பியக் கிழிச்சிட்டுப் போறாங்க. நீங்க கிழிக்கறது ஒண்ணும் புதுசு இல்ல."

"அவன் உங்ககிட்ட என்னதான் சொன்னான்?" என்று டீச்சர் கேட்டாள்.

"வந்தான், சாப்பிட்டான். 'கணக்குல கோட்டை விட்டுட்டேன்'னான். போயிட்டான். அவ்வளவுதான்."

மீட்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். நகல் ஏற்கெனவே தயார். சனிக்கிழமை மாலையே மூன்று தரம் எழுதித் திருத்தியது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு. தாங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்ட கேள்விக்கு எமது சங்கத்தின் பதில். ஒன்று: சீசனின் பிற்பகுதியில் மேற்படி வீரரின் ஃபார்ம் முற்றிலும் குறைந்துவிட்டதை நாங்களும் கவனித்தோம். இரண்டு: கடந்த ஞாயிறு அவர் காட்டிய அலட்சியம் எங்களைத் தலைகுனியச் செய்தது. மூன்று: ஊர்ப்பாசம் வேறு, நியாயம் வேறு. அவரது இடத்தை இளைய வீரர் ஒருவருக்கு அளிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

அக்கா ஒரு விரிப்பை எடுத்து நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை என் கடையில உக்காந்து எழுதினீங்களா?"

"வீட்டுல எழுதினேன் அக்கா. இங்க கையெழுத்துதான்."

சங்கத்தில் ஒரு விதி உண்டு. நான்கு கையெழுத்தும் இல்லாமல் ஒரு கடிதமும் வெளியே போகாது. முன்னொரு தரம் டாக்டர் தனியாக டி.வி. வர்ணனையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் அவருடைய பல் வரிசையைப் பற்றிக் குறிப்பிட்டு, விஷயம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. அதற்குப் பிறகு வந்த விதி.

டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டச் சொன்னார். டீச்சர்தான் குறுக்கே கை வைத்தாள்.

"ஃபார்ம் முற்றிலும் குறைஞ்சுதுன்னு இருக்கே, அதுக்கு நான் போட மாட்டேன். புத்தி குறைஞ்சுதுன்னு எழுதுங்க, போடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்றார் மீட்டர்.

"எப்படி ஒண்ணாகும்? இப்பத்தான் முழுப் பந்தயமும் நெட்டுல போட்டிருக்காங்க. கடைசிச் சுத்தைப் பாத்துடலாம். காலா தலையான்னு தெரிஞ்சிடும். பாத்துட்டு வார்த்தையப் போடுங்க."

பந்தயத்தன்று நால்வரும் மலையில் நின்றவர்கள். நின்றவர்களுக்குத் தெரிந்தது அவரவர் நின்ற இடம் மட்டும்தான். முழுதாக யாரும் பார்த்திருக்கவில்லை. லேப்டாப்பை வாஷிங் மெஷினின் மேல் வைத்தாள் டீச்சர். மூன்று தலைகள் அதைச் சுற்றிக் குவிந்தன. டிரைவர் எட்டத்திலிருந்து எக்கிப் பார்த்தார்.

குச்சி தனியாக வந்துகொண்டிருந்தான். மலையேற்றத்தின் நடுவே, காட்டுக்குள் புகுந்து வளையும் பாதை. தோள் அசையவில்லை. முழங்கால்கள் மட்டும் ஏறி இறங்கின.

"பாருங்க, காலப் பாருங்க," என்றாள் டீச்சர். "இதுவா செத்த பல்லு?"

கொண்டை ஊசி வளைவு வந்தது. கூட்டத்தின் நடுவே ஒரு நீலப் பலகை உயர்ந்தது.

"நம்ம போர்டு!" என்று டிரைவர் குதூகலித்தார். பிடித்து நின்றது அவர்தான்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயத்தில் வீரர்கள் காதில் கருவி மாட்டக்கூடாது, கடைசிச் சுற்றில் அணிக் கார்களும் வரக்கூடாது என்பது சட்டம். பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அதிகாரிகளின் மோட்டார் சைக்கிள் எழுதிக் காட்டும். அது கூட்ட நெரிசலில் எங்காவது மாட்டிக்கொள்ளும். அதனால் சங்கம் தானே ஒரு ஏற்பாடு செய்திருந்தது. மலையடிவாரத்தில் தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் மீட்டர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். குச்சி கடந்ததும் அழுத்துவார், துரத்துகிறவர்கள் கடந்ததும் நிறுத்துவார், டிரைவருக்குப் போன் போடுவார். ஐந்து நிமிடம் கழித்து மேலே வளைவுக்கு வரும் குச்சிக்கு டிரைவர் அந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டுவார். பலகை டாக்டரின் பழைய கிளினிக் போர்டு. ஒருமுறை அதைத் திருப்பிப் பிடித்துவிட்டதில், மொத்தக் கூட்டமும் 'வலியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்று படித்தபடி மலையேறியது. ஆனால் எண் மட்டும் பதினைந்து வருஷத்தில் தப்பியதில்லை. மற்ற அணி ஆட்களே அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

திரையில் பலகை தெளிவாக இருந்தது. 2:10.

குச்சி அதைப் பார்த்தான். தலை வலப்பக்கம் திரும்பியது, ஒரு கணம் நின்றது. அடுத்த வளைவில் அவன் கைகளை மேலே மாற்றினான். நிமிர்ந்தான். பாட்டிலை எடுத்தான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினார் மீட்டர். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் கையில இருக்கு, அப்படியே மிதிச்சிருந்தா..."

"ஒரு நிமிஷம்," என்றாள் டீச்சர். படத்தை நிறுத்தினாள். விரலைத் திரையின் மூலையில் வைத்தாள். அங்கே டி.வி.க்காரர்கள் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்: அடிவாரத்தில் இடைவெளி 0:49.

மெஷின் ஒன்று அடுத்த சுழற்சிக்கு மாறி உறுமியது.

"அவங்க தப்பாப் போட்டிருப்பாங்க," என்றார் மீட்டர்.

"கோட்டுக்கிட்ட புடிச்சிட்டாங்களே மீட்டர். ரெண்டு பத்து இருந்தா எப்படிப் புடிப்பாங்க?"

"அதான் சொல்றேனே, இவன் தூங்கினான்!"

"நாலு கிலோமீட்டர்ல ரெண்டு நிமிஷம் தூங்கறதுக்கு, இறங்கிப் படுக்கணும்," என்றாள் டீச்சர்.

டாக்டர் டிரைவரின் பக்கம் திரும்பினார். "என்னய்யா எழுதின நீ?"

"நானா?" டிரைவர் டின்னை உதைத்துக்கொண்டு எழுந்தார். "நானா எழுதினேன்? அவரு சொன்னாரு, எழுதினேன். போன்ல ரெண்டு தரம் கேட்டேன். 'ரெண்டு பத்து, ரெண்டு பத்து, சீக்கிரம் எழுது'ன்னாரு. என்னைப் பாக்கறீங்க எல்லாரும்?"

மீட்டர் நோட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தில், கோடு போட்ட கட்டத்துக்குள், அழகாக இருந்தது. சுற்று எட்டு, 1:55. சுற்று ஒன்பது, 2:10. இருபத்திரண்டு வருஷமாக எண்களை வாசித்து எழுதிப் பிழைக்கிறவர். நாய் துரத்தும்போதுகூட எண்ணை எழுதிவிட்டு ஓடுகிறவர். "என் வாட்சுல என்ன தப்பு? இதோ இருக்கு. மொத்தக் கூட்டமும் வந்துது, நிறுத்தினேன். ரெண்டு பத்து. பின்னோக்கிப் போடுங்க டீச்சர், தொட்டிச் சுவரைப் போடுங்க. பாத்துடலாம்."

டீச்சர் பின்னால் ஓட்டினாள்.

தண்ணீர்த் தொட்டிச் சுவர். குச்சி கடந்தான். கேமரா மாறியது. சேறு அப்பிய நான்கு பேர், ஒருவன் பின்னால் ஒருவனாக, வாய் பிளந்து, முகம் தொங்கிப்போய் அதே சுவரைக் கடந்தார்கள். ஓரத்தில் நீலத் தொப்பி போட்ட ஒரு ஆள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச். மறு கையால் அந்த நான்கு பேரையும் பார்த்து, போங்கடா போங்க என்று வீசி, சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் பதிவாகவில்லை. மீட்டருக்கு மட்டும் கேட்டது. அன்று அவர் கத்தியது: "ஏன்டா, இன்னுமா நீங்க வீட்டுக்குப் போகல?"

முந்தைய சுற்றில் மூன்று பேர் அப்படித்தான் வந்தார்கள். ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிப்போய், நடுவர் எப்போது நிறுத்தி வண்டியில் ஏற்றுவார் என்று காத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். இந்த நான்கு பேரும் அதே ரகம் என்று அவர் பார்த்த பார்வையிலேயே முடிவு கட்டினார். சேறு அவர்கள் முதுகிலிருந்த எண்ணை மறைத்திருந்தது. எண்ணைத் தேட அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்தை அறுத்துக்கொண்டு வந்து குச்சியை ஐம்பது விநாடியில் நெருங்கிவிட்ட நான்கு பேரை, தோற்றவர்கள் என்று கேலி செய்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் வந்த கூட்டத்துக்கு வாட்சை நிறுத்தினார்.

"அது நீங்கதானே மீட்டர்?" என்றார் டிரைவர்.

மீட்டர் நோட்டை மூடினார். காதுமடல் எரிந்தது.

"ஒரு வாரம்," என்றார் டிரைவர். குரல் ஏறியது. "ஒரு வாரமா அவனை என்ன பேச்சுப் பேசினீங்க! பஸ் ஸ்டாண்டுல என்னை நிறுத்தி வச்சுப் பேசினீங்க. அலட்சியம், திமிரு, பூங்கா, பிஸ்கெட்டு! நான் ஒருத்தன், போர்டைப் புடிச்சவன், நானும் சேந்து தலையாட்டினேன்!"

"வேணும்னா பண்ணேன்?" மீட்டர் சீறினார். "உனக்கு மேல டி.வி. இருந்துதா? நீ அந்த நாலு பேரைப் பாத்தப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

"அவங்க என்னைத் தாண்டறப்ப குச்சி போயிட்டான்! அதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன!"

"சத்தம் போடாதீங்க," என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் திடீரென்று கிளினிக் குரலாக மாறியிருந்தது, வலிக்கவே வலிக்காது என்கிற குரல். "நடந்தது நடந்துபோச்சு. இந்தக் கடிதத்தைக் கிழிச்சிடுவோம். பொதுவா ஒண்ணு எழுதுவோம். 'எங்கள் ஊர் வீரருக்கு எங்கள் ஆதரவு என்றும் உண்டு'ன்னு நாலு வரி. போர்டு விஷயம் இந்த அறையைத் தாண்ட வேண்டாம். தெரிஞ்சா பந்தயக் கமிட்டி நம்மளை அந்த மலைப்பக்கமே விடாது. பதினஞ்சு வருஷத்துப் பேரு."

இஸ்திரி மேசைப் பக்கம் சுவிட்சை அணைக்கிற சத்தம் கேட்டது. அக்கா வந்தாள். கையில் அந்த எட்டாக மடித்த விரிப்பு இன்னும் இருந்தது. அதை டாக்டரின் மடியில் போட்டாள்.

"யாரு பேரு?" என்றாள். "அவன் பேரு நாறிக் கிடக்கு ஊர் முழுக்க. எண்ணத் தெரியாதவன்னு பேப்பர்ல போட்டான். கடைக்கு வந்த ஒரு பொடிசு, என்கிட்டயே, 'உங்க தம்பிக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக்குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போவுது. நான் பல்லைக் கடிச்சிட்டு மடிச்சுக் குடுத்தேன். உங்க பேரு தாண்டக்கூடாது இல்ல? இந்த அறைய?"

"அக்கா, கோபத்துல..."

"பின்ன, கொஞ்சட்டுமா?"

அவள் போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில், கடிதத்தாளின் மேலேயே வைத்தாள்.

"என்னக்கா?"

"போர்டைப் பாத்தியா நீ? அன்னிக்கு?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் நின்றது. "யாரு சொன்னா?"

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

மீட்டர் போன்மேல் குனிந்தார். "டேய், நான்தான் பேசறேன். தப்பு என்னுது. ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை, ஒரு போன்... நான் பாட்டுக்கு ஊரெல்லாம் உன்னைத் திட்டிட்டுத் திரியறேன்!"

"தெரியும்ணா. எனக்கும் வந்து சேந்துது."

"அப்ப ஏன்டா?"

"எப்படிச் சொல்றது? இறக்கத்துல பின்னாடி நாலு சங்கிலி சத்தம் கேட்டுது. அப்பவே புரிஞ்சுது. மூணு நாள் உங்க தெருப்பக்கமே வரல. வந்திருந்தா ஜன்னல்ல கல்லெடுத்து விட்டிருப்பேன், சத்தியமா." அவன் மூச்சு வாங்கினான். "இப்ப என்ன, மேனேஜருக்கு எழுதப் போறீங்களா? வேண்டாம். இப்ப கால் போனவன்னு நினைக்கிறார். எழுதினா கால் போன முட்டாள்னு நினைப்பார். பதினோரு வருஷம் சம்பளம் வாங்கறவன், ரோட்டோரத்துல பல்லாஸ்பத்திரி போர்டைப் பாத்து வேகத்தைக் குறைச்சேன்னு சொல்லவா? சிரிப்பார்."

"சிரிக்கட்டும்டா..."

"உங்களுக்கு என்ன, நாளைக்கும் மீட்டர் பாக்கப் போவீங்க. விடுங்க." போன் அடங்கியது.

'உங்களுக்கு என்ன' என்றது மீட்டருக்குள் இறங்கியது. அது பழியைச் சுமத்தியதைவிடக் காட்டமாக இருந்தது. தன்னைக் கேட்காமல் தன்னை மன்னித்துவிட்டவன்மேல், மன்னிக்காமலே தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டவன்மேல், அவருக்கு ஒரு புதுக் கோபம் மூண்டது. இவன் யார் வாயை மூடிக்கொண்டு என் தப்பை விழுங்குவதற்கு?

நோட்டை மறுபடி இழுத்தார். நாலே முக்கால் ஆகியிருந்தது.

"டிரைவரே, மேல வளைவுல அவன் தாண்டின நேரம் குறிச்சு வச்சிருக்கல்ல? சுத்துக்குச் சுத்து?"

"போன்ல இருக்கு. எதுக்கு?"

"கீழ அவன் தாண்டின நேரம் எங்கிட்ட இருக்கு. சொல்லு."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். மீட்டர் கழித்து எழுதினார். தொட்டிச் சுவரிலிருந்து வளைவு வரை, அதே ஏற்றம், ஒன்பது தரம். முதல் சுற்று ஐந்து நிமிடம் இருபத்திரண்டு விநாடி. நான்காவது ஐந்து பதினெட்டு. ஏழாவது, பிய்த்துக்கொண்டு போன சுற்று, நாலு ஐம்பத்தாறு. எட்டாவது நாலு ஐம்பத்தைந்து. ஒன்பதாவது, பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் வரை, நாலு ஐம்பத்தொன்று.

"அன்னிக்கு அவன் ஏறினதுலயே வேகமான ஏத்தம் கடைசி ஏத்தம்," என்றார். "தனியா. எட்டுச் சுத்து முடிச்ச காலோட. டாக்டர், இதுதான் ஃபார்ம் போனவனா?"

"உன் வாட்சு சொல்றதை இனிமே யாருய்யா நம்புவா?" என்றார் டாக்டர்.

அடி சரியான இடத்தில் விழுந்தது. டீச்சர்தான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். டி.வி. கடிகாரத்தை வைத்துத் தொட்டிச் சுவரிலும் வளைவிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"நாலு அம்பத்திரண்டு. ஒரு விநாடிதான் வித்தியாசம்." அப்புறம் இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். "ஜெயிச்சவன், அந்த நாலு பேர்ல ஒருத்தன், இதே தூரத்துக்கு நாலு அம்பத்தெட்டு. குச்சி அவனைவிட ஆறு விநாடி வேகம். நானும் தப்புதான் சொன்னேன். காலும் இருக்கு, தலையும் இருக்கு. நம்பக்கூடாதவங்களை நம்பினான், அவ்வளவுதான்."

மீட்டர் புதுத் தாளை எடுத்தார். பழையதைக் கிழிக்கவில்லை, நோட்டுக்குள் வைத்தார், சங்கத்தின் காகிதங்கள் எதையும் அவர் கிழிப்பதில்லை. எழுதினார். நகல் இல்லாமல், திருத்தம் இல்லாமல், எழுத எழுத உரக்கச் சொல்லிக்கொண்டு.

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு. அவரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு எண்ணத் தெரியும். எண்ணத் தெரியாதவன் நான். தொட்டிச் சுவரருகே நேரம் எடுத்தவன் நான். துரத்தி வந்த நால்வரைச் சுற்றுப் பின்தங்கியவர்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். நாற்பத்தொன்பது விநாடி என்று காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று எங்கள் பலகை காட்டியது. இரண்டு நிமிடம் கையில் இருப்பவன், எதிர்க்காற்றில் நாலு கிலோமீட்டர் தனியாகப் போக வேண்டியவன், அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவர் செய்தார். தாங்களும் அதையே செய்யச் சொல்லியிருப்பீர்கள். ஒன்பது சுற்றின் ஏற்ற நேரமும் கீழே உள்ளன. என்னை நம்ப வேண்டாம். பதிவு உங்களிடமும் இருக்கும். அதை ஓட்டிப் பாருங்கள். அதில் நீலத் தொப்பியோடு சிரிக்கிற ஆள் நான்தான்."

கீழே ஒன்பது வரி எண்கள். அதற்குக் கீழே அவர் கையெழுத்து. டீச்சர் போட்டாள். டிரைவர், "பலகை பிடித்தவர் என்று பக்கத்துல எழுதட்டுமா?" என்று கேட்டு, எழுதி, போட்டார்.

டாக்டர் போடவில்லை. "நான் தலைவர். இது போனா சங்கம் போச்சு. எனக்கு யோசிக்க அவகாசம் வேணும்."

"அஞ்சு பத்து ஆச்சு," என்றார் டிரைவர்.

"போன் பண்ணி நாளைக்குச் சொல்லலாமே..."

"நாலு கையெழுத்தில்லாம நம்ம சங்கத்துச் சமாச்சாரம் வெளிய போனதில்ல, போன்லயும்கூட," என்றார் மீட்டர். "உங்க விதி டாக்டர் அது. உங்களால வந்த விதி."

டாக்டர் அக்காவைப் பார்த்தார், அவளாவது ஏதாவது சொல்லுவாள் என்று.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் அவள். "கெஞ்ச மாட்டேன். கையெழுத்துப் போட்டாலும் இந்த அறையில உங்க சங்கம் இனிமே கிடையாது. போடாட்டியும் கிடையாது. போகும்போது நாற்காலியத் தூக்கிட்டுப் போங்க." மீட்டரைப் பார்த்தாள். "நீங்களும்தான். எழுதிட்டா எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அவனுக்கு வேலை கிடைச்சாலும் நான் உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசறதுக்கு ரொம்ப நாளாகும்."

"தெரியும் அக்கா."

"தெரியும்னு சொல்லாதீங்க. எரிச்சலா வருது."

டாக்டர் பேனாவைப் பிடுங்கினார். கையெழுத்தின் கடைசி வளைவில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. "எடுத்துட்டுப் போங்க! எல்லாரும் என்னை வில்லனாக்கிட்டீங்க!" என்று கத்திவிட்டு, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, நாற்காலியைத் தூக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து மறுபடி எழுந்தார்.

மீட்டர் கிழிசலைப் பின்பக்கம் ஒட்டுத்தாள் வைத்துச் சரிசெய்தார். மூன்றாக மடித்தார். உறையில் போட்டு, மடலின் ஓரம் முழுக்கப் பசை தடவி, நகத்தால் அழுத்தி நீவினார். வெளியே முகவரி எழுதினார். அவசரத்திலும் எழுத்து நேராகவே நின்றது. மூடிய இடத்தின் மேல் சங்க முத்திரையைக் குத்தினார். மை பாதிதான் பதிந்தது. இன்னொரு தரம் குத்தினார்.

டிரைவர் உறையை வாங்கினார். மீட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடைச் சட்டைக்குள், பனியனை ஒட்டி அதைச் செருகி, மேல் பொத்தானைப் போட்டார்.

"காலையில அஞ்சு மணிக்கெல்லாம் அங்க போய்ச் சேந்துடுவேன். மேனேஜர் ஆபீஸ் திறக்கற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன். அவர் கையிலதான் குடுப்பேன், வாட்ச்மேன்கிட்ட இல்ல."

"கையெழுத்து வாங்கிக்க," என்றார் மீட்டர். "நேரத்தையும் எழுதச் சொல்லு."

டிரைவர் பின்கதவு வழியாக இறங்கி, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.